சுடாத கால்

தம்பி, நீ நல்லா இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ நன்றாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துபோனதால்தான் இந்தக் கடிதமே. எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்து வராது. நான் வாயால் சொல்கிறேன், எட்டாவது வரை படித்த உன் அம்மா அதைப் புத்தகத்தில் இருப்பதுபோலத் திருத்தி எழுதிக்கொண்டு வருகிறாள். மோட்டார் கொட்டகைக்கு வெளியே கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். கரண்டு வந்ததும் கரும்புக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் நேற்றும் உட்கார்ந்தேன், முந்தாநாளும் உட்கார்ந்தேன். மாடு கன்று போட்டது, கரும்பில் பூச்சி விழுந்தது என்று என்னென்னவோ பேசி எழுந்துவிட்டேன். உன் அம்மா இன்றைக்கு விடுவதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து போன் பண்ணினாய். சர்க்கரை இருக்கிறதாம், மாத்திரை போடுகிறாயாம். அதை ஏதோ சளி பிடித்ததைச் சொல்வதுபோலச் சொன்னாய். அதற்கப்புறம் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "இந்த சித்திரைக்கு நான் வந்து காப்பு கட்டிக்கறேம்பா. தீ மிதிக்கறேன். இந்தத் தடவ எனக்குச் சுடாது பாருங்க" என்றாய். ஏன் சுடாது என்று கேட்டேன். வண்டி சைலன்சரில் பாதத்துப் பக்கம் பட்டுத் தோலே உரிந்திருந்ததாம், மருமகப்பொண்ணு கவிதா பார்த்துச் சொன்ன பிறகுதான் உனக்கே தெரியுமாம். "அம்மன் என்ன ஏத்துக்கினா போல இருக்குதுப்பா" என்று சிரித்தாய். நான் சரி, வா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பதினோரு வருஷமாக அங்கேயே நிற்கிற வார்த்தை அது.

நம் ஊர் தீமிதியில் ஒரு ரகசியம் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். நெருப்பு எல்லோருக்கும் சுடும். பதினெட்டு வயதில் முதல் தடவை நான் குண்டத்தில் இறங்கினேன், சுட்டது. அடுத்த வருஷமும் சுட்டது. கலியாணம் ஆன வருஷம், நீ பிறந்த வருஷம், எந்த வருஷமும் சுடாமல் இருந்ததில்லை. ஆனால் மிதித்து ஏறியவனிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், பூ மேல் நடந்த மாதிரி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். பத்து நாள் விரதம் இருந்து, பயத்தை அடக்கி இறங்கியவனுக்கு ஊர் கொடுக்கிற மரியாதை அது. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வருஷம் எனக்கு நிஜமாகவே சுடவில்லை. பொய் அங்கேதான் ஆரம்பித்தது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மாசியில் புளி வாங்கக் கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். நம் சமவெளிப் புளிக்கும் மலைப்புளிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உனக்குத் தெரியாது. மலைப்புளி ஒரு கொட்டைப்பாக்கு அளவு போட்டால் போதும், குழம்பு... சரி, உன் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "கால் கதைய உட்டுட்டு புளிக்குப் போயிட்டீங்களே" என்கிறாள். காலுக்கே வருகிறேன். கரியாலூரில் எனக்கு வழக்கமாகப் புளி கொடுக்கிறவர் அண்ணாமலை. அவர் மரத்தைப் பார்க்க ஒத்தையடிப் பாதையில் நான் முன்னால் போகிறேன், அவர் பின்னால் வருகிறார். ரொம்ப தூரம் போன பிறகு கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால் என் செருப்பு ஒன்று அவர் கையில் இருக்கிறது. "இன்னாங்க, செருப்ப வழியில உட்டுட்டு காலை மட்டும் இட்டுனு வந்துட்டீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என்னைப் பாறை மேல் உட்காரவைத்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. முள் ஒன்று உள்ளே ஒடிந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. அது ஏறி இரண்டு மூன்று நாள் இருக்கும் என்றார். எனக்கு வலிக்கவே இல்லை. கொஞ்ச காலமாகப் பாதத்தில் எறும்பு ஊறுவது மாதிரியும் பஞ்சு மேல் நடப்பது மாதிரியும் இருந்தது, வயல் வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டிருந்தேன். இதற்கு ஏதாவது மலைத்தழை இருக்குமே என்று அவரிடம் கேட்டேன். "நீங்க கேக்கற தழை எங்க மலையில இல்லீங்க. கீழ ஆஸ்பத்திரி இருக்குது, அங்க போங்க" என்றார். என்னிடம் உண்மை பேசிய முதல் ஆள் அவர்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை ஏகப்பட்டது ஏறியிருந்தது. அங்கே ஒரு டாக்டரம்மா தூண்டிலில் கட்டுகிற நைலான் நரம்பு மாதிரி ஒரு சின்னத் துண்டை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காலில் தொட்டால் தெரிகிறது என்று சொல்லுங்கள் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பரீட்சையே எழுதாதவன் வயசான காலத்தில் பரீட்சையில் காப்பி அடித்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்து, அவர் கை காலுக்குப் போகும்போதெல்லாம் தெரியுது தெரியுது என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். தன் கைக்குட்டையை எடுத்து என் கண்ணை மறைத்துவிட்டு மறுபடி தொட்டார். எப்போது தொடுவார் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். தொட்டு முடித்துவிட்டார் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. காலுக்குப் போகிற நரம்பு கெட்டிருக்கிறது, இந்த வருஷம் தீ மிதிக்காதீர்கள், மாத்திரையை விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். மாத்திரைக் கவரை இதோ இந்த மோட்டார் கொட்டகைக் கூரையில் செருகினேன். அந்த வருஷம்தான் நீ முதல் தடவையாகக் காப்பு கட்டியிருந்தாய். முதல் ஆளாக இறங்குகிறவன் நான், ஊர் என் பின்னால் வருகிறது, என் மகன் வருகிறான். எனக்குக் கால் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது?

இறங்கினேன். மூன்றாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. இது அம்மன் இல்லை, அந்த டாக்டரம்மா சொன்ன கால் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பி, இந்த வரியை அம்மாவை இரண்டு தடவை எழுதச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. தெரிந்தும், நான் குண்டத்தின் நடுவில் நின்றேன். எல்லோரும் ஓடுகிற இடத்தில் நான் கைகூப்பி நின்றேன். பம்பைச் சத்தம்கூட அடங்கியது. மேலே ஏறியதும் பெண்கள் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், அழுதார்கள், என் கையால் திருநீறு வாங்கினார்கள். அறுபது வயதுக்காரர்கள் என் காலில் விழுந்தார்கள். கொடுத்தேன். வாங்கிக்கொண்டேன்.

நீ எனக்குப் பின்னால் வந்தாய். சுட்டதும் ஓடினாய். கடைசியில் பால் ஊற்றி வைத்திருக்கிற குழியில் இறங்கி, அத்தனை பேர் நடுவில், "அப்பா, சுட்டுடுச்சிப்பா" என்றாய். பூ மாதிரி இருந்தது என்று சொல்ல வேண்டும் என்பதை நீ மறந்துவிட்டாய். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை வலியில் அப்பாவிடம் சொல்கிறது, அவ்வளவுதான். நான் குனிந்து உன் காலைப் பார்த்திருக்கலாம். அப்போதுதான் சாமியாகியிருந்தேன், குனிய முடியவில்லை. "வெரதம் ஒழுங்கா இருந்திருந்தா ஏன்டா சுடுது? நெஞ்சுல அழுக்க வச்சிக்கினு நெருப்புல எறங்கினா அம்மன் காட்டிக் குடுத்துடும்" என்றேன். நான் சொன்னது அந்த ஒன்றுதான். மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. விரத நாளில் நீ கள்ளக்குறிச்சியில் பிரியாணி தின்றாய் என்று ஒருவன், ஏதோ பெண்ணோடு பேசினாய் என்று ஒருவன். நீ பத்து நாளும் கோயிலிலேயே படுத்து, ஒரு வேளை சோறு தின்று கிடந்தது எனக்குத் தெரியும். தெருப் பையன்கள் உனக்குக் கொப்புளம் என்று பேர் வைத்தார்கள். திருநாவலூர்ப் பக்கம் பேசியிருந்த பெண் வீட்டார் ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் அதற்கு முந்தின மாதம் சரியாகத்தான் இருந்தது. நான்காம் நாள் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நீ பஸ் ஏறினாய்.

இனி வருவது உனக்குத் தெரியாதது. தீமிதித்த அன்று சாயங்காலம் அம்மா வெந்நீர்ச் சட்டியோடு வந்து என் காலைக் கழுவ உட்கார்ந்தாள். மஞ்சளும் சாம்பலும் போனதும் பாதத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "இன்னாங்க இது, வெந்து போயிருக்குது" என்றாள். சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு கரித்துண்டு ஒட்டியிருந்தது. அவள் அதை எடுத்தபோது தோல் கூடவே வந்தது. எனக்கு அப்போதும் வலிக்கவில்லை. உன் கால் சுட்டதும் உன்னை ஓடச் சொன்னது, நீ ஓடினாய், நான்கு கொப்புளத்தோடு தப்பித்தாய். என் கால் எதுவுமே சொல்லவில்லை, நான் நின்றேன். யார் நெஞ்சில் அழுக்கு என்று அந்தச் சட்டியைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஆனால் அம்மாவிடம் உன் தலை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன், வெளியே மூச்சு விடக் கூடாது என்று. இதை எழுதும்போது அவள் கேட்டதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். "இத்தினி வருசம் அவன் தலை மேல சத்தியத்த வச்சி என் வாயக் கட்டிட்டீங்க. இப்ப எழுதறதுக்கும் என் கையே வேணுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டும் அவள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

மஞ்சள் பத்துப் போட்டேன், வேப்பிலை அரைத்துக் கட்டினேன். நாற்றம் வந்த பிறகுதான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். கரும்பு வெட்டும்போது கத்தி பட்டுவிட்டது என்று ஊருக்குச் சொன்னேன், உனக்கும் போனில் அதையே சொன்னேன். நீ பதறிப்போய், பார்த்து வேலை செய்யுங்கப்பா என்றாய். அதற்கப்புறம் நான் தீ மிதிக்கவில்லை. அம்மன் உத்தரவு இல்லை என்று சொல்லிக்கொண்டேன். திருநீற்றுத் தட்டை மட்டும் விடவில்லை. போன வருஷம்வரை குண்டத்துக்குப் பக்கத்தில் நின்று கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

விரலை எடுத்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், விவசாய வீட்டுப் பிள்ளை. அவர் சொன்னதுதான் எனக்குப் புரிந்தது. உடம்பில் நரம்பு என்பது வாய்க்கால் மாதிரி, கால்தான் கடைமடை என்றார். வாய்க்கால் கெட்டால் முதலில் காய்வது கடைமடைதானே. சர்க்கரை ரத்தத்தில் ஏறி ஏறி அந்த வாய்க்காலைக் கெடுக்கிறது, அதனால் மரப்பு விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறுகிறது. பட்டுப்போன பயிரைத் திரும்பப் பச்சையாக்க முடியாது, வாடின பயிரைக் காப்பாற்றலாம், சில இடத்தில் துளிர்க்கவும் துளிர்க்கும் என்றார். நான் கூரையிலிருந்து மாத்திரைக் கவரை எடுத்தேன், அதை எலி தின்றிருந்தது, புதுசு வாங்கினேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தேன். சோற்றைப் பாதியாக்கினேன். பீடியை விட்டேன், அது காலுக்கு ரத்தம் போகிற வழியை அடைக்கிறதாம். மாத்திரை போட்டுப் போட்டு உடம்பில் ஒரு வைட்டமின் குறைந்திருக்கலாம் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார், குறைந்திருந்தது, அதற்கு ஊசி போட்டார். அதைக் கேள்விப்பட்டு ஊரில் பாதிப் பேர் எனக்கும் நரம்பு ஊசி போடுங்கள் என்று போய் நின்றார்கள். குறைவாக இருப்பவனுக்குத்தான் அது மருந்து. இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் இடது பாதத்து மேல்புறம் எறும்பு ஓடியது தெரிந்தது. அதைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடிப்பாதம் இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. அது வராது. எனக்குக் கடைமடை காய்ந்துவிட்டது, தம்பி. உனக்கு இன்னும் வாடத்தான் செய்திருக்கும். நீ முப்பத்து நான்கு வயதுக்காரன்.

அதனால் முதலில் மாத்திரையை விடாதே, உன் டாக்டரிடம் காலைக் காட்டு, சைலன்சர் சுட்டதையும் சொல், சிரிக்காமல் சொல். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடு, மெத்தென்று இருக்கிறதாகப் பார்த்து வாங்கு, போடும் முன் கவிழ்த்துத் தட்டு. என் செருப்புக்குள் ஒரு நாள் ஆணி இருந்தது, சாயங்காலம்வரை அதோடு நடந்திருக்கிறேன். குளிக்கிற தண்ணீரில் முதலில் முழங்கையை விட்டுச் சூடு பார். இங்கே அம்மாதான் எனக்குப் பார்க்கிறாள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார். வலிக்கிறதா என்று காலைக் கேட்காதே, அதற்குப் பேச்சு நின்றுவிட்டது, நீதான் போய்ப் பார்க்க வேண்டும். ஆணிக்கால் வந்தால் பிளேடால் சீவாதே, காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதே, சித்திரை வெயிலில் கோயில் கல் மேல் வெறுங்காலோடு சுற்றாதே. சாமி ஒன்றும் நினைக்காது. நினைத்திருந்தால் என்னைத்தான் முதலில் நினைத்திருக்கும்.

நேற்றுப் பூசாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் தேங்காய் நார் உரித்துக்கொண்டே இருந்தார். "பழசு, உடுங்க. இப்பப் போயி இதெல்லாம் சொன்னா அம்மனுக்குப் பேர் கெட்டுடும்" என்றார். அம்மனுக்கு ஒன்றும் ஆகாது, என் பேர்தான் கெடும் என்றேன். ஊர் நடுவில் உன்னைச் சொன்னதை ஊர் நடுவில்தான் திரும்ப எடுக்க வேண்டும். அதனால் காப்பு கட்டுகிற அன்று, கயிற்றை எடுக்கும் முன், இந்தக் கடிதத்தின் நகலை அம்மா மைக்கில் படிப்பாள். நான் பக்கத்தில் நிற்பேன், காலில் துணி சுற்றாமல், மூன்று விரலோடு. சர்க்கரை இருக்கிறவர்கள் யாரும் குண்டத்தில் இறங்க வேண்டாம் என்று அப்போது சொல்வேன். பூசாரி கடைசியில் சரி என்றார். அவருக்கும் நாலு வருஷமாகச் சர்க்கரையாம், யாருக்கும் சொல்லவில்லையாம்.

நீ வா. கவிதாவையும் பிள்ளையையும் அழைத்து வா. காப்பு கட்டாதே. உன் மேல் விழுந்த பழியைத் துடைக்க நீ நெருப்பில் இறங்க வேண்டியதில்லை, அது நான் போட்ட பழி. அந்த வருஷம் குண்டத்தில் இறங்கியதில் உன் கால்தான் நல்ல கால். சுட்டது என்று சொன்ன வாயும் உன் வாய் ஒன்றுதான்.

பஸ் ஏறும் முன் ஒரு வேலை செய். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள். கவிதாவை உன் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியில் தன் விரலால் லேசாகத் தொடச் சொல். அழுத்த வேண்டாம், தட்ட வேண்டாம். ஆறு இடம். எத்தனை தெரிந்தது என்று அம்மாவுக்குப் போன் பண்ணு, குறைவாக இருந்தால் அதை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. கண்ணை முழுசாக மூடு, என்னை மாதிரி இடுக்கிப் பார்க்காதே. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குப் பதினோரு வருஷமும் இரண்டு விரலும் ஆயின.